சில்லறையில் புதையல் தேடுவோருக்கு



திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் பங்கில் காணிக்கை எண்ணும் வேலை நடைபெறும். ஞாயிறு திருப்பலிகளில் சேர்ந்ததைக் கோயில்பிள்ளை ஒரு பழைய மேசை விரிப்பின்மேல் கொட்டுவார். பங்குப் பேரவையினர் இருவர் நோட்டுகளை அடுக்குவர். காசுகளைப் பிரிப்பது என் வேலை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதைச் செய்து வந்தும், ஒரு காசையேனும் நான் நின்று பார்த்ததில்லை என்பதைச் சென்ற தவக்காலத்தில்தான் உணர்ந்தேன். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று விரல்கள் பிரித்துக்கொண்டே போகும். கண்கள் கடிகாரத்தில் இருக்கும்.

அந்தப் பழக்கத்தை மாற்றியவன் கல்லூரி மாணவன் ஒருவன். அவனைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பிறகு காசுகளுக்கு வருகிறேன்.

அவனுடைய தாய் கடலூர் முதுநகரில் இட்லிக்கடை வைத்திருக்கிறார். கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மகன் நாள்தோறும் பேருந்தில் சிதம்பரம் சென்று படித்து வருகிறான். ஒருநாள் மாலை அந்த அம்மா மகனை அழைத்துக்கொண்டு வந்தார். “தோத்திரம் சாமி. இவன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. என்னவென்று கேட்டால் சொல்லவும் மாட்டேன் என்கிறான்” என்றார். அம்மாவைக் கெபியருகில் அமரச் சொல்லிவிட்டு அவனைத் தனியே விசாரித்தேன்.

கைப்பேசியில் ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறான். வைஷ்ணோ தேவியின் உருவம் பொறித்த ஐந்து ரூபாய்க் காசு எவரிடம் இருந்தாலும் பத்து இலட்சம் கிடைக்கும் என்றது அது. அன்றிரவே அம்மாவின் கல்லாப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடியதில் அப்படி ஒரு காசு அகப்பட்டுவிட்டது. படம் எடுத்து அனுப்பினான். மறுநாள் ஒருவர் பேசினார். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. “தம்பி, தம்பி” என்றே அழைத்தாராம். ரிசர்வ் வங்கியின் முத்திரை போட்ட அடையாள அட்டை ஒன்றும் வந்தது. முதலில் பதிவுக் கட்டணம் ரூ. 1,150. அடுத்து வரி என்று ரூ. 6,500. பணத்தைக் கொண்டுவரும் வண்டிக்குக் காப்பீடு என்று ரூ. 9,800. ஆக, ரூ. 17,450. அத்தனையும் அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்து, அவன் பெயரில் வங்கியில் போட்டு வைத்திருந்த பணம். நான்காம் முறை கேட்டபோது கணக்கில் ஒன்றும் மீதமில்லை. மறுமுனைத் தொலைபேசியும் அணைந்துவிட்டது.

அவன் அழவில்லை. “அந்தக் காசு உண்மையானதுதானே சாமி?” என்று மட்டும் கேட்டான்.

உண்மையானதுதான். சூழ்ச்சியே அதில்தான் இருக்கிறது. வைஷ்ணோ தேவி ஆலய வாரியத்தின் வெள்ளிவிழாவை முன்னிட்டு 2012ஆம் ஆண்டிட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் காசுகளை அரசு வெளியிட்டது. அவை நாடெங்கும் புழக்கத்துக்கு வந்தவை. எனவே எந்தக் கல்லாப்பெட்டியிலும் ஒன்று அகப்படக்கூடும். யாரிடமும் இல்லாத காசைக் கேட்டால் எவரும் ஏமாறமாட்டார். பலரிடமும் இருக்கும் காசைக் கேட்டால்தான் வலையில் மீன் விழும். புதுக்கருக்கு அழியாத காசாயிருந்தால் சேகரிப்பவர் சில பத்து ரூபாய் கொடுக்கலாம். பத்து இலட்சம் எவரும் கொடார்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் ரிசர்வ் வங்கி இதைக் குறித்தே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, காசுகளை வாங்கி விற்கும் செயலில் அவ்வங்கி ஈடுபடுவதில்லை. அதற்காக எவரிடமும் கட்டணமோ, தரகோ கேட்பதில்லை. தன் பெயரால் வசூலிக்க எவருக்கும் அதிகாரம் அளிக்கவுமில்லை. கடலூரில் இட்லி விற்கும் ஒரு தாயின் வீட்டுக்கு அந்த எச்சரிக்கை எந்த வழியாக வந்து சேரும்? விளம்பரம் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

நாங்கள் முதலில் 1930 என்ற எண்ணை அழைத்தோம். இணையவழிப் பண மோசடிக்கென்றே அரசு வைத்திருக்கும் உதவி எண் அது. பிறகு காவல் நிலையம் சென்று எழுதிக் கொடுத்தோம். பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்தால், அது கைமாறும் வழியில் எங்கேனும் முடக்கி வைக்க வாய்ப்புண்டு. இவன் வெட்கப்பட்டு மறைத்த நாட்கள் பதினொன்று. அதுவரை பணம் எத்தனை கை மாறியிருக்கும் என்று அங்கிருந்தவர் கேட்டபோது அவன் தலை குனிந்தான். வீடுகளில் இத்தகைய தவறு நேர்ந்தால் பிள்ளை முதலில் வாய் திறப்பது தன் தாய் தந்தையரிடம் என்றிருக்க வேண்டும். அடிக்குப் பயந்தோ, ஏச்சுக்குப் பயந்தோ மறைக்கும் ஒவ்வொரு நாளும் திருடனுக்கு இலாபம். தாய் தந்தையரும் இதைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

இதே வகையில் வேறு கதைகளும் நம் ஊர்களில் உலவுகின்றன. காண்டாமிருகம் பொறித்த நாலணாவுக்கு ஒன்றரை இலட்சம் என்பது ஒன்று. இருபத்தைந்து காசும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30ஆம் நாளோடு செல்லாக்காசாகிவிட்டன. அவற்றைக் கோடிக்கணக்கில் அச்சிட்டிருந்தார்கள். வீட்டு உறியிலும் பல்லாங்குழிப் பலகையிலும் இன்னும் கிடக்கின்றன. (ஐம்பது காசு இன்றும் சட்டப்படி செல்லும். கடைக்காரர் முகம் சுளிப்பது வேறு செய்தி.) கும்பினியார் 1818இல் அச்சிட்டதாகச் சொல்லி, இராமர் பட்டாபிஷேகக் காட்சியோடு திருவிழாக் கடைகளில் விற்கும் பெரிய செப்புக் காசு மற்றொன்று. கிழக்கிந்தியக் கும்பினி அப்படி ஒரு காசை அச்சிட்டதே இல்லை. அவை பிற்காலத்தில் விற்பனைக்கென்றே வார்க்கப்பட்டவை. எல்லாவற்றிலும் கொடியது அரிசியை இழுக்கும் காசு. ‘ரைஸ் புல்லிங்’ என்ற பெயரில் செம்புக் காசையும் கலசத்தையும் காட்டி, அதில் இடியின் ஆற்றல் இறங்கியிருக்கிறது, வெளிநாட்டார் கோடிகள் தருவர் என்று சொல்லி நிலம் விற்க வைத்தவர்கள் பற்றித் தமிழ் நாளேடுகளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அரிசி காந்தத்தால் ஒட்டும் பொருளன்று. ஒட்டுவதுபோல் காட்டினால், அரிசிக்குள் இரும்புத்தூள் புகுந்த வழியைத்தான் ஆராய வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை அவனை உண்டியல் எண்ண வரச்சொன்னேன். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட நலம் என்பதே என் எண்ணம். அவன் வந்தான். ஆனால் காசைக் கையில் எடுத்ததும் பழைய வேட்கை விடவில்லை. ஒவ்வொன்றையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பேரவையினர் முகம் கறுத்தது. நான் தடுக்கவில்லை. மறைந்த என் ஆசிரியர் ஒருவர் விவிலிய அகராதியின் பொடி எழுத்தைப் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடி என்னிடம் உண்டு. அதைக் கொண்டுவந்து கொடுத்தேன். “விலை கேட்காமல், என்ன இருக்கிறது என்று மட்டும் சொல், தம்பி” என்றேன். நானும் கற்றுக்கொள்ளத் தொடங்கியது அன்றுதான்.

முதலில் பார்க்க வேண்டியது ஆண்டும், ஆண்டுக்குக் கீழேயுள்ள இடமும். இன்று இந்தியாவில் காசு அச்சிடும் சாலைகள் நான்கு. (சென்னையில் தங்கசாலை என்பது இப்பொழுது தெருப்பெயர் மட்டுமே.) ஆண்டின் கீழே சாய்சதுரம் இருந்தால் அது மும்பையில் அச்சானது. ஐந்துமுனை விண்மீன் இருந்தால் ஐதராபாத்து. சிறு புள்ளி இருந்தால் 1988இல் தொடங்கிய நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. இவ்வளவையும் தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் போதும். ஆனால் தெரிந்த பின் காசு பழைய காசாக இராது. நம் கோயில் உண்டியலில் ஒரே நாளில் நான்கு நகரங்களும் கூடியிருந்தன.

சில ஆண்டுகளில் நம் சாலைகளால் தேவைக்கேற்ப அச்சிட முடியாமற்போய், வெளிநாடுகளில் அச்சடித்து வரவழைத்தார்கள். 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாய் சிலவற்றில், ஆண்டின் கீழே ஆங்கிலத்தின் ‘எச்’ எழுத்து மிகச் சிறிதாக இருக்கும். இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஈட்டன் என்னும் பழைய நிறுவனத்தின் குறி அது. 1988இன் இருபத்தைந்து, ஐம்பது காசுகளில் ‘சி’ இருந்தால் கனடாவின் ஒட்டாவா. பின்னர் கொரியா, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா, சுலோவாக்கியா, மாஸ்கோ என்று பட்டியல் நீளும். இவையெல்லாம் அரும்பொருள் அல்ல. ஆயினும் தொடங்குபவனுக்கு இவற்றைக் கண்டுபிடிப்பதில் கிடைக்கும் மகிழ்ச்சிக்கு விலை வைக்க முடியாது. அந்தக் கனத்த பழைய ரூபாய்கள் இப்போது ஏன் கண்ணில் படுவதில்லை என்று கேட்டான். காசின் முகமதிப்பைவிட உலோகத்தின் மதிப்பு ஏறியபோது அவற்றை உருக்குவோர் கிளம்பினர். நம் சில்லறை வங்காளதேசத்துக்குக் கடத்தப்பட்டுச் சவர அலகாக மாறுகிறது என்று 2007இல் செய்திகள் வந்தன. காசை உருக்குவதும் சிதைப்பதும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஏழு ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

சிலுவைக் காசைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம்மவர் பலர் அதைப் பணப்பையில் பத்திரமாய் வைத்திருக்கிறார்கள். 2005, 2006 ஆண்டிட்ட இரண்டு ரூபாயில் நான்கு கைகள் சந்திப்பதுபோல் குறுக்கு நெடுக்கான கோடுகளும், இடையில் நான்கு புள்ளிகளும் இருக்கும். வேற்றுமையில் ஒற்றுமை என்பதே அவ்வடிவத்தின் பொருள். அது கிறிஸ்தவச் சிலுவை என்று அந்நாளில் சிலர் எதிர்ப்புக் கிளப்பினர். நம் பங்குகளிலோ சிலர் அதே காரணத்துக்காக அதை முத்தமிட்டு வைத்துக்கொண்டனர். இரு தரப்பும் ஒரே பிழையைச் செய்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைப்பேற்றுக்காகத் தலையணைக்கு அடியில் அக்காசை வைத்த ஒரு தம்பதியரிடம், அதை எடுத்துச் செலவு செய்துவிடும்படி நானே சொன்னதுண்டு.

2007இல் வடிவம் மாறியது. ஒரு ரூபாயில் நிமிர்ந்த கட்டைவிரல். இரண்டு ரூபாயில் இரு விரல்கள். பின்னர் வந்த ஐம்பது காசில் மூடிய கை. எழுத்தறியாதவரும் விரலைப் பார்த்து மதிப்பை அறியலாம். இவை நாட்டிய முத்திரைகள். எங்கள் மாணவன் இதைக் கல்லூரியில் காட்ட, பரதம் பயின்ற ஒரு மாணவி மூடிய கைக்கு முஷ்டி என்றும், நிமிர்ந்த கட்டைவிரலுக்குச் சிகரம் என்றும் பெயர் சொல்லியிருக்கிறாள். அன்று மாலை அவன் நேரே பேருந்து நிலையம் செல்லாமல் நடராசர் கோயில் கோபுர வாயிலில் நின்று, அங்கே செதுக்கியிருக்கும் நூற்றெட்டுக் கரணங்களை முதன்முறையாக ஒவ்வொன்றாய்ப் பார்த்தானாம். நாள்தோறும் அவ்வழியே போய் வந்தவன்தான். வீட்டுக்கு வர எட்டு மணி ஆகிவிட்டதென்று அவன் அம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

தலைவர்களின் உருவம் தாங்கிய காசுகளும் வரும். எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காக 1995இல் வந்த திருவள்ளுவர், காமராசர் நூற்றாண்டு, 2009இல் அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டு, 2010இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டு. அண்ணாவின் காசில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே பொறிக்கப்பட்டுள்ளது. நம் வீட்டுப் பிள்ளைகள் தேடி எடுக்க வேண்டியவை இரண்டு: 2009இன் புனித அல்போன்சா, 2010இன் அன்னை தெரேசா, இரண்டும் ஐந்து ரூபாய். நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் என்று வெளியிடுபவை சேகரிப்போருக்காகவே அச்சிட்டு விற்கப்படுபவை; சில்லறையில் வாரா. சில்லறையாகக் கிடைத்தது என்று எவரேனும் காட்டினால் இருமுறை யோசியுங்கள்.

பத்து ரூபாய்க் காசைக் குறித்து ஒரு வழக்கு. சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது ஒருநாள் நடத்துநர் அதை வாங்க மறுத்திருக்கிறார். கையில் வேறு சில்லறை இல்லாததால் பாதி வழியில் இறங்க நேர்ந்தது. சூரியக் கதிர்போன்ற கோடுகள் பதினைந்தா பத்தா, ரூபாய்க் குறியீடு உண்டா இல்லையா என்று பார்த்துப் பலவற்றைப் போலி எனத் தள்ளுவது நம் மாவட்டங்களில் நெடுநாள் வழக்கமாயிற்று. 2018 சனவரி 17ஆம் நாள் ரிசர்வ் வங்கி தெளிவாய்ச் சொல்லிவிட்டது: அதுவரை வெளியான பத்து ரூபாய்க் காசுகளில் 14 வடிவங்கள் உண்டு, பதினான்கும் செல்லும். ரூபாய்க் குறியீடு 2011இல்தான் காசுக்கு வந்தது. அதற்கு முந்தியதில் எப்படி இருக்கும்? கடைவைத்திருக்கும் நம் பங்கு மக்களே, கூலிக்காரர் கையில் உள்ள பத்து ரூபாயைச் செல்லாது என்று தள்ளுவது அவர் சட்டைப்பையிலிருந்து பத்து ரூபாயை எடுப்பதற்குச் சமம். இதை நான் பிரசங்க மேடையிலும் சொல்லியிருக்கிறேன். சிலர் என்மேல் வருத்தமாய் இருக்கிறார்கள்.

அச்சுப்பிழைக் காசுகளும் உண்டு. சிங்கத் தலையை நிமிர்த்திப் பிடித்து, புத்தகத் தாளைப்போல் பக்கவாட்டில் திருப்பினால் மறுபுறமும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். சாய்ந்தோ, தலைகீழாகவோ இருந்தால் அச்சு திரும்பியிருக்கிறது என்று பொருள். உருவம் மையத்தை விட்டு விலகி, ஓரத்தில் வெறும் உலோகம் பிறைபோல் தெரிந்தால் அதையும் எடுத்து வையுங்கள். தேய்ந்ததும் நசுங்கியதும் பிழைக்காசு அல்ல. இரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கியதை அருங்காசு என்று ஒரு சிறுவன் என்னிடமே கொண்டுவந்தான்.

ஒரு வேண்டுகோள். பழைய காசு எதுவாயினும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அந்த அம்மா, மகன் ஒதுக்கி வைத்திருந்த காசுகளையெல்லாம் அன்போடு எடுத்து, புளியும் பாத்திரம் துலக்கும் பொடியும் போட்டுத் தேய்த்துப் பொன்போல் ஆக்கி வைத்துவிட்டார். குத்துவிளக்குக்கு அது அழகு. காசுக்கோ, தேய்த்த கீறல் ஒவ்வொன்றும் மதிப்பைக் குறைக்கும். அவன் வாய் திறக்கவில்லை. என்னிடம் வந்துதான் புலம்பினான். பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று எண்ணிக்கொண்டேன்.

நாம் வாழும் இக்கடற்கரை காசுகளால் நிறைந்த மண். தேவனாம்பட்டினத்தில் 1690இல் மராத்தியரிடம் கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலேயர், பரங்கிப்பேட்டையில் போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும், வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், தெற்கே தரங்கம்பாடியில் தேனியர் என்று எத்தனை கைகள் இங்கே சில்லறை மாற்றின! பரங்கிப்பேட்டை வராகன் என்றே ஒரு பொற்காசுக்குப் பெயர் இருந்தது. பிரெஞ்சுக்காரர் அச்சிட்ட செப்புத் துட்டின் ஒருபுறம் அல்லி மலர். மறுபுறம் ‘புதுச்சேரி’ என்று தமிழிலேயே பொறித்திருப்பார்கள். அந்நாளில் மதராசில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்பது கணக்கு; ஆக, வராகன் ஒன்றுக்கு 3,360 காசு. நம் பாட்டன்மார் இதை வாய்க்கணக்காய்ப் போட்டிருக்கிறார்கள்!

பழமை வேறு, அருமை வேறு என்பதைத் தொடங்குபவர் முதலிலேயே மனத்தில் கொள்ளட்டும். இராசராச சோழன் பெயரை நாகரி எழுத்தில் தாங்கி, ஒருபுறம் நின்ற உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் கொண்ட செப்புக் காசு ஆயிரம் ஆண்டு மூத்தது. தமிழகத்திலும் இலங்கையிலும் ஏராளமாய்க் கிடைத்திருப்பதால் இன்றும் சொற்ப விலைக்கே கைமாறுகிறது. 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாயும் அப்படியே. அந்த ஆண்டை மாற்றாமலே 1874 வரை அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள், மலிந்துகிடக்கிறது. மாறாக, 1939ஆம் ஆண்டிட்ட ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் நூறாண்டுகூட நிரம்பாதது, மிக அரிது. அரிதானதாலேயே போலிகளும் மிகுதி.

நற்செய்தியில் வரி செலுத்துவது பற்றிய கேள்வி எழுந்தபோது காட்டப்பட்டது திபேரியு பேரரசனின் வெள்ளித் தெனாரியம் என்பதே அறிஞர் பலரின் கருத்து. அதே வகைக் காசு, மிளகுக்கும் முத்துக்கும் விலையாக நம் தமிழ்நாட்டுக்குக் குடம் குடமாய் வந்து, கொங்கு நாட்டு மண்ணிலிருந்து மீண்டும் மீண்டும் கிடைத்துள்ளது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது உரோமானியக் காசுகள் எங்கே என்று கேளுங்கள்.

ஆனால் வயலில் உழும்போதோ, அஸ்திவாரம் தோண்டும்போதோ பழங்காசு கிடைத்தால் அது சில்லறை அல்ல. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எப்புதையலையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். மறைத்தால், சட்டம் தரும் பங்கும் போய்த் தண்டனையும் வரும். தட்டாரிடம் கொண்டுபோய் உருக்கியவை எத்தனையோ! எடைக்கு ஏற்ற பொன் விலை கிடைத்திருக்கும். அதில் யார் பெயர் எழுதியிருந்தது என்பது எவருக்கும் தெரியாமலே போய்விட்டது.

சென்ற திருவிழாவுக்கு மறுநாள் பெரிய உண்டியலைத் திறந்தோம். காசுக் குவியலின் நடுவே ஒன்று மேசைமேல் விழுந்த ஓசையே வேறாயிருந்தது. எஃகு ‘டக்’கென்று விழும், இது பாடியது. மாணவன் எடுத்துக் கண்ணாடியில் பார்த்தான். ஐந்தாம் ஜார்ஜ் மன்னனின் வெள்ளி ரூபாய். அவன் கை நடுங்கியது. ஆண்டு 1911 ஆக இருந்தால், மன்னன் மார்பணியில் உள்ள யானை பன்றிபோல் தோன்றுகிறதென்று மக்கள் முறையிட்டதால் திரும்பப் பெறப்பட்டு, 1912இல் திருத்தப்பட்ட காசாயிருக்கும். பார்த்தோம்: 1919. மிகுதியாய் அச்சான ஆண்டு. யானையும் யானையாகவே இருந்தது. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, எடை பதினொன்றே முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு. வெள்ளியின் விலைக்கு அதிகமாய்ப் பெரிதாக ஒன்றும் தேறாது என்று அவனே சொன்னான். மூன்று திங்களுக்கு முன் அவன் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்திராது.

பேரவையினரில் ஒருவர் சிரித்துக்கொண்டே, “சாமி, ஒரு ரூபாய் போட்டுவிட்டு இதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு சரியாய் இருக்கும்” என்றார். அவர் தவறாக ஒன்றும் எண்ணவில்லை. கணக்கும் சரியாகத்தான் இருக்கும். நானும் ஒரு நொடி அக்காசைக் கையில் வைத்து அழகு பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. இக்கலையில் புதிதாய் நுழைந்தவனுக்கு வெள்ளி ரூபாயின் கனம் ஓர் இன்பம். ஆனால் முகமதிப்பை வைத்துவிட்டு மிகுமதிப்பை எடுத்துக்கொள்வதற்கும், இட்லிக்கடை அம்மாவின் மகனுக்கு விரித்த வலைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டுக்கொண்டபோது மனம் ஒப்பவில்லை. நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் வைத்தவர் எவரோ, உண்டியல் எண்ணிய ஒருவராகத்தான் இருக்க வேண்டும்! கணக்குப் புத்தகத்தில் ‘வெள்ளி ரூபாய் ஒன்று, 1919’ எனத் தனி வரியாக எழுதி, மூவரும் கையொப்பமிட்டோம்.

எனக்கு வேறொரு கவலையும் உண்டு. வீட்டுப் பெரியவர் பேழையில் வைத்திருந்ததைப் பேரப்பிள்ளை விவரம் தெரியாமல் எடுத்துப் போட்டிருக்கலாம். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிவில் இதை அறிவித்தேன். அதற்கடுத்த ஞாயிறும் அறிவித்தேன். இதுவரை எவரும் வரவில்லை.

மாணவன் இப்போது ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறான். ஆண்டு, சாலைக்குறி, கிடைத்த இடம் என்று வரிசை. பெரும்பாலும் ‘அம்மா கடை’, ‘சிதம்பரம் பேருந்து’, ‘கோயில்’. கோயிலில் கிடைத்ததைப் பார்த்து எழுதிக்கொள்கிறான்; காசு கணக்கோடு வங்கிக்குப் போய்விடும். அவன் பறிகொடுத்த பணம் இன்றுவரை திரும்பவில்லை. காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான். விடுமுறையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்து இதுவரை ஆறாயிரம் ரூபாய் அம்மாவின் சீட்டுக்குக் கட்டியிருக்கிறான்.

வெள்ளி ரூபாய் பங்குப் பணியகத்துப் பேழையில் உறையிட்டு வைத்திருக்கிறது. உரியவர் எவரேனும் இதைப் படித்தால், திங்கட்கிழமை காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் வரலாம். நாங்கள் எண்ணிக்கொண்டிருப்போம்.